தூங்க விட்டால் பூக்கும் காந்தள்

செங்காந்தள் வைத்தோம், முதல் வருஷம் அமோகமாகப் பூத்தது, மறு வருஷம் முளைக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் பலர். தண்ணீர் ஒரு நாளும் தவறாமல் ஊற்றினோமே, பிறகு ஏன் செத்தது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தவறாமல் ஊற்றியதால்தான் செத்தது. இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்தச் செடியின் ஒரு வருஷத்தை முதலிலிருந்து சொல்கிறேன். அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துவிட்டால், எப்படி வளர்ப்பது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கோடையின் கடைசியில் தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் நடந்து பாருங்கள். கிளுவை வேலிகள் இலையில்லாமல் நிற்கும், மண் இறுகிக் கிடக்கும், காந்தளின் சுவடே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலியின் அடியில், மண்ணுக்குள், கிழங்கு உயிரோடு இருக்கிறது. ஆனி, ஆடியில் இரண்டு மழை விழுந்து மண் நனைந்ததும் கூர்மையான ஒற்றை முளை மேலே வரும். முளைப்பது வேலியின் நிழலுக்குள். அங்கேயே நின்றுவிட்டால் அதற்குப் பூக்க வழியில்லை. வெயிலுக்கு ஏறியாக வேண்டும். தண்டோ மெலிந்தது, தானாக நிற்கும் வலு அதற்குக் கிடையாது. அவரை, பாகல் கொடிகளைப் போல இதற்குத் தண்டு சுற்றும் பழக்கமோ தனிப் பற்றுக்கம்பியோ இல்லை. இலைதான் அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வோர் இலையின் நுனியும் இழையாக நீண்டு, சுருண்டு, பக்கத்தில் கிடைக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. இலை இலையாகப் பிடித்தேறி, வேலியின் தலைக்கு வந்து, வெயிலைக் கண்டபிறகுதான் மொட்டு வைக்கிறது. கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருப்பது இந்தச் செடியின் இயல்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூ. ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப் பூ என்றே பெயர். மார்கழி, தையில் காய் முற்றும், இலை மஞ்சளாகும், தண்டு சருகாகி விழும். மேலே பார்க்கிறவர் செடி செத்துவிட்டது என்றுதான் நினைப்பார். கீழே நடந்திருப்பது வேறு. நட்டபோது இருந்த கிழங்கு தன்னிடம் இருந்ததையெல்லாம் முளைக்கும் தண்டுக்கும் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போயிருக்கும். அதே இடத்தில், தண்டின் அடியில், புதிய கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும்.

காந்தளைப் பல்லாண்டுத் தாவரம் என்கிறோம். ஆனால் ஒரே கிழங்கு பல்லாண்டு இருப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் பழையது போய்ப் புதியது வருகிறது. அந்தப் புதிய கிழங்கைக் கட்டுவது, ஐந்தாறு மாதம் இலைகள் வெயிலில் செய்த உழைப்பு. ஆகவே இந்த வருஷம் நீங்கள் பார்க்கும் பூ போன வருஷத்து வெயிலில் விளைந்தது. இந்த வருஷ வெயில் அடுத்த வருஷப் பூவுக்கு. வெயில் போதாத இடத்தில் வைத்த செடி முதல் வருஷம் ஓரளவு பூத்துவிடும், ஏனென்றால் வாங்கி வந்த கிழங்கில் இருப்பு இருந்தது. மறு வருஷம் கிழங்கு சுண்டுவிரல் அளவாகி, இலை மட்டும் விட்டு நிற்கும். மூன்றாம் வருஷம் அதுவும் இருக்காது. பூக்காமல் போகும் காந்தளுக்கு உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் வைக்கிறார்கள். வெயில் இல்லாத இடத்தில் எந்த உரமும் அதைப் பூக்க வைக்காது.

பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், வாங்கப் போகும்போது தேவைப்படும். ஊருக்கு ஊர் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, காந்தள் என்பார்கள். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. லின்னேயஸ் 1753-இல் வைத்தது. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதே இனம்தான், ஏனென்றால் ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும் இது இயல்பாகவே வளர்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலில் நிற்பது காந்தள். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பதும் இந்தப் பூவின் கண்ணியைத்தான்.

கிழங்கை எங்கே வாங்குவது? காட்டில் தோண்டாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். ஒரு கிழங்கைத் தோண்டினால் அந்தச் செடியே போயிற்று. மண்ணுக்கடியில் அதற்கு வேறு இருப்பு இல்லை. அந்த இடத்தில் விதை விழுந்து இன்னொன்று வளர்ந்து பூக்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். மருந்துக்காகப் பல காலம் இப்படித் தோண்டியே பல மலையடிவாரங்களில் இது அருகிப் போயிற்று. தோண்டவேண்டிய அவசியமும் இன்று இல்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள். அங்கே விளைந்த கிழங்கு நடவுப் பருவத்தில் விலைக்குக் கிடைக்கும். விலை கூடுதல்தான். விவசாயிக்கே இந்தப் பயிரில் பெரிய முதலீடு கிழங்குதான். உங்களுக்கு ஒன்றிரண்டு போதும்.

வாங்கும்போது கிழங்கை நன்றாகப் பாருங்கள். இரண்டு கிளையாகப் பிரிந்து கவட்டை வடிவில் இருக்கும். சிலது ஒற்றைக் கிளையாகவும் இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு, ஒன்றே ஒன்றுதான். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், வெட்டி வெட்டி நடலாம். இதில் அந்த வேலை நடக்காது. நுனி ஒடிந்த கிழங்கு எத்தனை கொழுத்திருந்தாலும் முளைக்காது. கையில் எடுக்கும்போது நுனியைப் பிடிக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள, அமுக்கினால் கெட்டியாக இருக்கும் கிழங்கு முதல் வருஷமே பூக்கும். பத்துப் பதினைந்து கிராமில் இருப்பது விலை குறைவாகக் கிடைக்கும். அது பூப்பதற்கு நீங்கள் ஒரு வருஷமாவது பொறுக்க வேண்டும். இரண்டு கிளை உள்ள கிழங்கைக் கவட்டையில் பிரித்துத் தனித்தனியாக நடலாம். பிரித்த காயம் ஓரிரண்டு நாள் நிழலில் உலரட்டும். ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

நடுவதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், இதைக் கேட்காமல் யாரும் இந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. காந்தள் விஷம். இலை, தண்டு, பூ, விதை எல்லாமே விஷம்; கிழங்கும் விதையும் மிகவும் கொடியவை. அதில் இருக்கும் கோல்சிசின் என்ற பொருள் உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிடும். அதனால் உடம்பில் எங்கெல்லாம் அணுக்கள் வேகமாகப் பெருகவேண்டுமோ அங்கே முதலில் அடி விழுகிறது: குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். தின்றவுடன் எதுவும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் விஷம் உடம்பில் பரவியிருக்கும். பிழைத்தவர்களுக்குக்கூட இரண்டாம் வாரத்தில் முடி கொட்டும். இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த விஷம் போவதில்லை.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்குகள் கண்டிப்பானவை. கிழங்கைச் சமையலறையிலோ காய்கறிக் கூடையிலோ ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். தனி டப்பாவில் போட்டு மேலே விஷம் என்று எழுதுங்கள். தொட்டால் கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டி இருக்கும் வீட்டில், சில வருஷம் பொறுத்து வளர்க்கலாம். அதுவரை ஆவாரையோ செம்பருத்தியோ போதும். காய்கறித் தோட்டத்துக்குள், முக்கியமாக சேனை, வள்ளிக்கிழங்கு பக்கத்தில், நடவே கூடாது. சித்த வைத்தியத்தில் இந்தக் கிழங்குக்குச் சுத்தி செய்யும் முறை உண்டு. அது பயின்ற வைத்தியர் வேலை. வீட்டில் அரைத்துப் பூசுவதும், உரசிக் குடிப்பதும் உயிரோடு விளையாடுவது. யாராவது ஒரு துண்டு தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. செடியின் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அதே விஷம்தான் மருந்தும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு டாக்டர்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது கோல்சிசின். 1820-இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்தூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை முதலில் பிரித்தெடுத்தது கோல்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து. காந்தளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1930-களில் இதன் இன்னொரு பயன் தெரிந்தது: வளரும் குருத்தில் கோல்சிசினைத் தடவினால் அணு பிரியாமல் நின்று, அதற்குள் குரோமோசோம்கள் மட்டும் இரட்டிக்கின்றன. விதையில்லாத தர்பூசணியை உருவாக்க வழி பிறந்தது இப்படித்தான். காந்தள் விதையில் கோல்சிசின் கிழங்கைவிடக் கூடுதல். மூலனூர் வயல்களில் கிழங்கைத் தோண்டாமல் காயைப் பறிப்பதற்கு இதுவே காரணம். கிழங்கு மண்ணிலேயே இருந்து அடுத்த வருஷமும் விளைச்சல் தருகிறது, விதை மருந்துக்கு ஏற்றுமதியாகிறது.

இனி நடவு. ஆனி, ஆடி சரியான காலம். வயலிலும் ஜூன், ஜூலையில்தான் நடுகிறார்கள். கிழங்கின் நுனி கொஞ்சம் வெளுத்துப் புடைத்து, முளைக்கத் தயாராவது தெரியும். அப்போது நட்டால் மிக நல்லது. மண்ணைப் பொறுத்தவரை காந்தளுக்கு ஒரே நிபந்தனை, தண்ணீர் நிற்கக் கூடாது. செம்மண் அதற்கு மிகவும் பிடிக்கும். வேதாரண்யத்து மணலிலும் வளர்கிறது. களிமண்ணும் கரிசலும் ஆகவே ஆகாது. உங்கள் மண் அப்படியென்றால் தரையில் நடாமல் தொட்டிக்குப் போய்விடுங்கள். தொட்டிக் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது பருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் நல்லது. தேங்காய் நார்க்கழிவை அதிகம் கலக்கிறார்கள், நான் அதைத் தவிர்ப்பேன். ஈரத்தை வெகு நாள் பிடித்து வைக்கும், காந்தளுக்கு அது கெடுதல்.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், ஓர் அடிக்குக் குறையாமல். புதிய கிழங்கு கீழ்நோக்கி இறங்கி உருவாவது இதன் வழக்கம். ஆழமில்லாத தொட்டியில் அடித்தட்டில் முட்டி, தேங்கிய ஈரத்தில் உட்கார்ந்துவிடும். அடியில் துளைகள் அடைபடாமல் ஓட்டுச் சில்லுகள் போடுங்கள். கிழங்கைப் படுக்க வைத்து, நுனிகள் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி, மேலே இரண்டு மூன்று அங்குல மண் வருமாறு மூடுங்கள். தரையில் ஒன்றுக்கு மேல் நட்டால் இரண்டுக்கும் இடையே ஒன்றரை அடி விடலாம். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர். அதன் பிறகு முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். முளைப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம், சில கிழங்கு அதற்கும் மேல் எடுக்கும். முளைத்ததா என்று கிளறிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தக் கிளறலில்தான் நுனி ஒடிகிறது. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

இடம் தேர்வு செய்யும்போதுதான் வேலியைப் பற்றி நான் சொன்னது பயன்படும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கொடி மேல் விழ வேண்டும். ஆனால் மொட்டைமாடியில் வெறும் சிமென்ட் தரையில் தொட்டியை வைத்தால், மதிய வெயிலில் தொட்டியே சுடும், அடிமண் வெந்துவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், முன்னால் துளசி, ஓமவல்லி மாதிரி குட்டையான செடிகளின் தொட்டிகளை நிறுத்தி நிழல் கொடுங்கள். மேல்மண்ணில் காய்ந்த இலைச்சருகு பரப்பி வைக்கலாம். கொடி வெயிலுக்கு ஏறட்டும். அடுக்குமாடி வீட்டு பால்கனியில் காலை வெயில் மட்டும் வருகிறது என்றால் பூக்கும், எண்ணிக்கை குறையும். வெயிலே வராத பால்கனிக்கு இந்தச் செடி வேண்டாம். அதை வாட விட்டுப் பார்ப்பதில் யாருக்கும் பயனில்லை.

ஏறுவதற்குத் துணை வேண்டும், அதை முளை வருவதற்கு முன்பே நட்டுவிட வேண்டும். பிறகு ஊன்றினால் மண்ணுக்குள் எங்கே கிழங்கு இருக்கிறது என்று தெரியாமல் குத்திவிடுவீர்கள். மூங்கில் கம்பு ஊன்றிவிட்டு, கொடி ஏன் பிடிக்கவில்லை என்று வியக்கிறவர்கள் உண்டு. இலை நுனிச் சுருள் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். விரல் தடிமன் கம்பைச் சுற்ற அதற்கு நீளம் போதாது. மெல்லிய குச்சிகள், சணல் கயிறு, நைலான் வலை, கம்பி வலை இவைதான் சரி. வயல்களில் கிளுவையை உயிர்வேலியாக ஊன்றுகிறார்கள், விராலிக் குச்சிகளையும் நடுகிறார்கள். மெல்லிய கிளைகள் நிறைய இருப்பதால் கொடி ஏறுவது சுலபம். வீட்டில் பழைய செம்பருத்தி ஒன்று வெயிலில் நின்றால் அதன் அடியில் ஓர் ஓரமாக நட்டுவிடுங்கள், காந்தள் தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். எனக்கு எல்லா ஏற்பாட்டிலும் இதுவே பிடித்தது. இளந்தண்டு கண்ணாடி மாதிரி, தொட்டால் முறியும். முதல் ஓரடி உயரம் வரும்வரை பூனையும் காற்றும் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறிந்துவிட்டால் அந்த வருஷம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வளர்கிற காலத்தில் மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதப்பாகக் கூடாது. தரையில் என்றால் மழையில்லாத நாட்களில் ஐந்து நாளைக்கு ஒருமுறை போதும். தொட்டி சீக்கிரம் காயும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசியில் தொட்டிகளைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு நகர்த்துவது நல்லது. உரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கொடி முழங்கால் உயரம் வரும்போது ஒருமுறை, மொட்டு தெரியும்போது ஒருமுறை, ஒரு கை மண்புழு உரம். தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் கொழிக்கும்.

பூவைப் பார்ப்பதற்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். மொட்டு தலைகுனிந்து தொங்கும், பச்சை நிறத்தில். விரியும்போது ஆறு இதழ்களும் கீழே விரிவதற்குப் பதிலாக மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள், அடுத்து அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறப் பூவும் சேர்ந்து நிற்பதால் மூன்று வகைச் செடி என்று நினைப்பார்கள், வயதுதான் வேறு.

இதழ்கள் மேலே மடங்கிவிட்டதால் கீழே எல்லாமே திறந்து கிடக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் கம்பிபோல் நாலாபுறமும் நீண்டு நிற்கும். நடுவில் பச்சையாகச் சூலகம். அதிலிருந்து புறப்படும் சூல்தண்டு நேரே கீழே வராமல், அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் போகிறது. மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதற்கான ஏற்பாடு அது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாது. வண்ணத்துப்பூச்சி ஒன்று தேனுக்காக வந்து சிறகடிக்கும்போது சிறகில் மகரந்தம் ஒட்டும், அடுத்த பூவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் அது உரசும். தேன்சிட்டும் வரும். பூச்சி வராத இடத்தில் பூ எத்தனை பூத்தாலும் காய் பிடிப்பது அரிது.

ஏக்கர் கணக்கில் பயிரிடும் விவசாயிக்கு இந்த ஏற்பாடு பெரிய சிரமம். அத்தனை பூவுக்கும் போதுமான வண்ணத்துப்பூச்சி வயலில் இல்லை, மருந்தடித்தால் இருப்பதும் போய்விடும். ஆகவே பூக்காலத்தில் காலையிலேயே ஆட்கள் வரிசை வரிசையாக இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் ஒற்றுகிறார்கள். ஒவ்வொரு காயும் ஒரு மனிதக் கை தொட்டு உண்டானது. நோய்க்கு வரும் மாத்திரைக்குப் பின்னால் இத்தனை கைகள் இருப்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை, அது எனக்கு வருத்தம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பூ விரிந்த அன்றோ மறுநாளோ, காலையில், மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மஞ்சள் தூளை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவினால் போதும். ஆனால் முதல் வருஷம் வேண்டாம். காய் முற்றுவதற்குப் போகும் சத்து கிழங்கிலிருந்து பிடுங்கப்படும் சத்துதான். வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிட்டால் கிழங்கு பருக்கும்.

பூச்சி என்று பார்த்தால் ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த ஒரு புழு, பாலிட்டெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியினுடையது. காந்தள், விஷமூங்கில், லில்லி இலைகளைத் தின்பது அதன் பிழைப்பு. விஷ இலை அதை ஒன்றும் செய்வதில்லை. கூட்டமாக வந்தால் ஓரிரு நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும், இலை போனால் கிழங்குக்குச் சாப்பாடு போயிற்று. மழை நாட்களில் இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள். குட்டிப் புழுவாக இருக்கும்போதே கையுறை போட்ட கையால் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பூ இருக்கும்போது மருந்து அடிக்க வேண்டாம், வண்ணத்துப்பூச்சிக்காக.

மார்கழி பிறந்ததும் இலை நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். இங்கேதான் பெரும்பாலோர் செடியைக் கொல்கிறார்கள். வாடுகிறதே என்று பதறித் தண்ணீரைக் கூட்டுவார்கள், உரம் போடுவார்கள். அது வாடவில்லை, படுக்கப் போகிறது. இலையில் மிச்சமிருக்கும் சத்து கிழங்குக்கு இறங்கும் வாரங்கள் அவை. மஞ்சள் கண்டதும் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், தண்டு காய்ந்ததும் முழுதாக நிறுத்துங்கள். தண்டை வெட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். தானாகக் கழன்று கையோடு வரும்போது எடுங்கள். உறங்கும் கிழங்குக்குத் தண்ணீரை உறிஞ்ச வேலை செய்யும் வேர் இல்லை, நீராவியாக வெளியே விட இலையும் இல்லை. ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் அதைச் சுற்றியே நிற்கும், பூஞ்சை வந்து அழுக வைக்கும். தை முதல் வைகாசி வரை தொட்டியை மழை படாத மூலையில் வைத்து, மறந்துவிடுங்கள். குப்பைத் தொட்டி என்று நினைத்து வேலையாள் கொட்டிவிடாமல் இருக்க, ஒரு பலகையில் உள்ளே கிழங்கு இருக்கிறது, விஷம் என்று இரண்டையும் எழுதி நடுங்கள். அந்தத் தொட்டியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று கீரை விதைப்பதும் ஆகாது. கீரைக்கு ஊற்றும் தண்ணீர் கிழங்கைக் கொல்லும், பறிக்கும் கையில் கிழங்கும் வரலாம்.

தரையில் உள்ளதைத் தோண்ட வேண்டியதில்லை, கோடையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாமல் இருந்தால் போதும். பக்கத்தில் வாழையோ புல்தரையோ இருந்து தினமும் பாய்ச்சல் நடக்கிறது என்றால், தண்டு காய்ந்து ஒரு மாதம் கழித்துக் கிழங்கைக் கவனமாக எடுத்து, மண்ணை உதறி, உலர்ந்த மணல் நிரப்பிய டப்பாவில் வைத்துப் பூட்டிவிடலாம். கழுவ வேண்டாம். மாதம் ஒருமுறை பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள். தொட்டியில் இருப்பதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வைகாசியில் கொட்டிப் பார்த்து மண் மாற்றலாம். ஒன்று வைத்த இடத்தில் இரண்டு, மூன்று கூடக் கிடைக்கும். அவற்றை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது, பூவைப் பற்றிச் சொல்வதற்கு முன் விஷத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

விதை போட்டு வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய் முற்றியதும் தோல் சுருங்கி எடை குறையும், பிறகு மூன்றாகப் பிளந்து உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் விதைகள் தெரியும். குழந்தைகளின் கண்ணை இழுக்கும் நிறம் அது, ஆகவே வெடிப்பதற்கு முன்பே பறித்து, உயரமான இடத்தில் உலர்த்துங்கள். ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் விதைக்கலாம். சிலது ஒரு மாதத்தில் முளைக்கும், சிலது பல மாதம் கழித்து, முளைக்காது என்று நீங்கள் விட்டுவிட்ட பிறகு. முதல் வருஷம் புல்லிதழ் மாதிரி சில இலைகள், கீழே பட்டாணி அளவு கிழங்கு. அதுவும் பெரிய கிழங்கைப் போலவே மார்கழியில் படுத்து ஆனியில் எழும். முதல் இரண்டு வருஷமும் அதே தொட்டியில் கலைக்காமல் விட்டு, கோடையில் காயவிட்டு, மழையோடு தண்ணீர் காட்டுங்கள். வெயில் சரியாக இருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் புரட்டாசியில் மொட்டு வைக்கும்.